குதிரைக்குப் பூசிய எண்ணெய்

இந்த மாதம் நம் மரவேலைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஏழு பேருக்காக இதை எழுதுகிறேன். மூன்று வருடமாக என்னிடம் இருந்த பட்டறைப் பாதுகாப்புப் பொறுப்பை வரும் சனிக்கிழமை ஒப்படைக்கிறேன். போகிற ஆள் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஸ்டான்லி அண்ணன் சொன்னார். பட்டறை அவருடையது. பதினைந்து வருடம் வளைகுடாவில் தச்சு வேலை பார்த்துவிட்டு வந்து, கருங்கல் ஊருக்கு வெளியே ஒரு ஷெட் போட்டு, சனிக்கிழமைகளில் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுகிறார்.

நான் முதலில் நாற்பத்திரண்டு விதிகள் எழுதிக்கொண்டு போனேன். அவர் பன்னிரண்டாவது விதியில் நிறுத்திவிட்டு, "எம்மா, இதப் படிச்சா ஒருத்தனும் உளியத் தொடமாட்டான். நேர வீட்டுக்குப் போய் ரெண்டு நாளு படுத்துக்கிடுவான்" என்றார்.

ஆகவே விதிகள் வேண்டாம். நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். அவற்றிலிருந்து விதிகளை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் எம்.எஸ்ஸி. வேதியியல். இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். மகள் ஜெனி பிறந்ததும் நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். கடையில் வாங்கிய பொம்மைகளின் சாயம் ஜெனியின் வாய்க்குள் போய்விடுமோ என்ற பயத்தில், பொம்மையை நானே செய்துவிடலாம் என்று இந்தக் குழுவுக்கு வந்தேன். மரத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள் மற்றவர்கள். நான் பயந்து வந்தவள். குழுவில் எனக்கு 'வெப்ராளம் மிஸ்' என்று பெயர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வெப்ராளம் என்றால் பதற்றம். என் முகத்துக்கு நேராக ஒருவரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகு திரும்பும்வரை பொறுக்கிற மரியாதை எல்லோருக்கும் உண்டு.

பொறுப்பு ஏற்ற முதல் சனிக்கிழமையே ஒரு உயிரைக் காப்பாற்றப் போய், கிட்டத்தட்ட அந்த உயிரை எடுத்திருப்பேன். ஸ்டான்லி அண்ணன் வட்டவாள் மெஷினில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் கையின் பொத்தான் கழன்று தொங்கியது. நான் பாய்ந்துபோய், "அண்ணே, கை!" என்று அலறினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பலகை கோணலாகி, வாளில் கடிபட்டுப் பின்னால் பறந்து, சுவரில் தொங்கிய காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டுத் தன் பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கை இருக்கு. நீ கூப்பிடாம இருந்தாலும் இருந்திருக்கும்" என்றார்.

வாளில் இருப்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். அவர் பார்க்கிற இடத்தில் போய் நில்லுங்கள். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். அலறுவது நம் மனச் சமாதானத்துக்காக மட்டும்தான்.

அடுத்து உளி. வீட்டில் கத்தியையும் கத்தரிக்கோலையும் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்துப் பழகியவள் நான். கூரான பொருள் என்றாலே பயம். அதனால் பட்டறையில் சாணைக்கல்லை எடுத்து ஒளித்துவைத்தேன். மழுங்கிய உளி யாரையும் வெட்டாது என்பது என் ஆராய்ச்சி முடிவு. இரண்டு வாரம் கழித்து, பொன்மணி அக்கா ஒரு மழுங்கிய உளியைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தித் தள்ளியபோது அது வழுக்கி, அவருடைய இடது உள்ளங்கையைக் கீறியது. அக்கா தபால் ஆபீசில் வேலை பார்க்கிறார். நம் குழுவில் செதுக்குவேலை அவருக்குத்தான் கைவந்தது. கீறிய கையோடு ஒரு வாரம் தபால்களுக்கு முத்திரை குத்தினார்.

"ஏட்டி, கூரான உளி நாம சொன்ன இடத்துக்குப் போவும். மழுங்கினது அதுக்குத் தோணின இடத்துக்குப் போவும்" என்று சொல்லிவிட்டு, சாணைக்கல்லை என் கையாலேயே எடுத்துத் தரச் செய்தார்.

இவையெல்லாம் சிறிய தவறுகள். இனி சொல்லப்போவது குதிரையைப் பற்றியது. பட்டறையின் பின்மூலையில் தார்ப்பாய் சுற்றி, 'தொடாதே' என்று எழுதிக் கட்டி வைத்திருக்கிறதே, அது என்ன என்று உங்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள்.

தேவாலயத்தை ஒட்டிய பாலர் பள்ளிக்கு, பிள்ளைகள் ஏறி ஆடும் மரக்குதிரை ஒன்று செய்து கொடுப்பது என்று குழு முடிவு செய்தது. பலாமரம். பொன்மணி அக்கா மூன்று மாதம் செதுக்கினார். பிடரி மயிர் காற்றில் பறப்பதுபோல இருந்தது. காது இரண்டும் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் அளவு. கடைசிப் பூச்சை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் வாய் வைக்கிற பொருள், நான் அம்மா, அதோடு வேதியியல் படித்தவள். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். நான் என்னைப் பற்றி அப்படி நினைத்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று நாள் இணையத்தில் படித்தேன். வார்னிஷ் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விஷம். கடைசியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர், குழந்தைகள் கடிக்கும் பொம்மைக்கு 'நட் ஆயில்' பூசினால் போதும், இயற்கையானது, தானாகக் காயும் என்று எழுதியிருந்தார். எந்தக் கொட்டை என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை போல.

கருங்கல் சந்தைப் பக்கம் பெயின்ட் கடைக்குப் போனேன்.

"நட் எண்ணெய் இருக்கா?"

கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "நட்டுக்கா, போல்ட்டுக்கா?"

"அது இல்ல. நட்டு... கொட்டை. மரத்துக்குப் பூசுற எண்ணெய்."

"மரத்துக்கா? அண்டி எண்ணெயா?"

நம் ஊரில் நட் என்றால் அண்டிதானே, முந்திரிக்கொட்டை. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, அதுதான்."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா மக்கா? எத்தற லிட்டர்?"

"ஒரு லிட்டர். கெமிக்கல் ஒண்ணும் சேக்கல்லையே?"

"கெமிக்கலா? சுத்த அண்டி. கறையான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது." டின்னைக் கட்டிக் கொடுக்கும்போது, "கையில படாமப் பாத்துக்கிடணும், கேட்டியளா. பட்டா லேசுல போவாது" என்றார்.

கறையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கறையானே எட்டிப் பார்க்காத ஒன்றைப் பிள்ளை வாய் வைக்கலாமா என்ற கேள்வி, சீப்பின் பல்லைக்கூட எண்ணிப் பார்த்து வாங்குகிற எனக்கு வரவில்லை.

பட்டறைத் தூசு படிந்துவிடும் என்று குதிரையை வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்து பூசினேன். கறுப்பும் சிவப்புமாகக் கொழகொழவென்று இருந்தது எண்ணெய். மஞ்சள் பலா அப்படியே பழைய தேக்கின் நிறத்துக்கு மாறியது. கையுறை இல்லாமல் நம் பட்டறையில் யாரும் எதையும் பூசக் கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான்தான். ஆனால் இது இயற்கை எண்ணெய் அல்லவா? வெறுங்கையால் தேய்த்தால் மரத்துக்குள் நன்றாக இறங்கும் என்று அந்த வெளிநாட்டுக்காரரும் எழுதியிருந்தார். குதிரைக்கு எண்ணெய்க் குளியல் போலத் தேய்த்தேன்.

ஜெனி ஷெட் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். குதிரை குடை சாய்ந்து அவள்மேல் விழுந்துவிடும் என்று பயந்து, உள்ளே விடவே இல்லை. தவறான காரணத்துக்காகப் பயந்தாலும் என் மகள் தப்பித்தாள்.

இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. அதற்கும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜெனியின் பவுடரை எடுத்துக் குதிரை முழுக்கத் தூவித் துடைத்தேன். வாசனையும் நன்றாக இருந்தது. வியாழக்கிழமை குதிரை பாலர் பள்ளிக்குப் போயிற்று. ஸ்டான்லி அண்ணன் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரை திருவனந்தபுரத்தில் ஒரு வேலையில் இருந்தார். பூச்சு கீறாமல் சாக்கு வைத்துப் பிடித்து அதை வேனில் ஏற்றும்போது, பொன்மணி அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "என்ன கலருட்டி!" என்று கண் கலங்கினார்.

வியாழன் மாலை என் விரல் இடுக்குகளில் அரிப்பு. பாத்திரம் கழுவும் சோப்பை மாற்றியதால் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கொப்புளங்கள். அம்மை என்று முடிவு செய்தேன். ஜெனியை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமியார் வெளியிலிருந்து, "அம்மைன்னா கையில மட்டுமா வரும் பிள்ளே?" என்று கேட்டார். வைரஸ் பலவிதம் என்று உள்ளேயிருந்து விளக்கம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குதிரையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் விழா. ஒன்பதே முக்காலுக்கு ஸ்டான்லி அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, நான் வரல்ல. எனக்கு அம்மை."

"அம்மையா? எங்க?"

"ரெண்டு கையிலயும்."

"கையில மட்டும்? குதிரைக்கு நீ என்னத்தப் பூசின?"

"அண்டி எண்ணெய்."

"அண்டிப் பருப்பு எண்ணெயா, ஓட்டு எண்ணெயா?"

அப்படி இரண்டு உண்டு என்பது எனக்கு அந்த நொடியில்தான் தெரியும். "கறுப்பா இருந்துது" என்றேன்.

"என் ஏசுவே! எம்மா, அது இனயம் கடப்புறத்துல எங்க அப்பா வள்ளத்துக்கு அடிக்கது. கடல்ல கெடக்குற தடிக்கு அடிக்கது! பட்ட எடமெல்லாம் பொள்ளிரும். டீச்சருக்குப் போனப் போடு. ஒரு பிள்ளையையும் ஏத்தப்பிடாதுன்னு சொல்லு. நான் வண்டிய எடுக்கேன்."

முந்திரி ஓட்டில் இருக்கும், தோலைப் பொசுக்குகிற அமிலத்தின் அமைப்பைப் பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தாளில் அதற்கு நிறமும் கிடையாது, டின்னும் கிடையாது.

இனிமேல் வருவதை நிதானமாகப் படியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

பாலர் பள்ளி லில்லி டீச்சரை அழைத்தேன். எடுக்கவில்லை. எடுக்காததில் நியாயம் இருந்தது. வியாழனிலிருந்து நான் அவரை நான்கு முறை அழைத்திருந்தேன். வால் கழன்றால் பிள்ளை விழுங்கிவிடுமா, காது கண்ணில் குத்துமா, வேகமாக ஆட்டினால் தலை சுற்றுமா, குதிரையை ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம். ஐந்தாவது அழைப்பை நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

உடனே ஸ்கூட்டரை எடுத்திருக்க வேண்டும். பள்ளி பத்து நிமிடத் தூரம். நான் என்ன செய்தேன்? ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு வாட்சப்பில் ஒரு செய்தி எழுதினேன். 'வணக்கம் டீச்சர், ஒரு சிறு ஐயம்.' சிறு என்பதை அழித்தேன். ஐயம் என்றால் நான் வழக்கம்போலப் பதறுகிறேன் என்று நினைப்பாரே, அதையும் அழித்தேன். 'எண்ணெய் சற்று மாறியிருக்கலாம்' என்று எழுதினேன். எண்ணெய் தானாக மாறியதா? நான் மாற்றினேனா? ஒருவேளை ஸ்டான்லி அண்ணன் சொல்வது தப்போ, கடைக்காரர் சுத்திகரித்த எண்ணெயைக் கொடுத்திருந்தாரோ, விழா நடுவே போய் நின்று சொல்லி, கடைசியில் அம்மை என்றே ஆகிவிட்டால்? இப்படியே தலைக்குள் ஐந்து நிமிடம் ஓடியது. என் பெயர் கெடாமல் செய்தியைச் சொல்ல ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வாக்கியம் தமிழில் இல்லை.

நான் பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது குதிரைமேல் ஒரு பிள்ளை ஏறியிருந்தது. அபிஷா என்று நாலு வயதுப் பெண். கையில்லாத கவுன். இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பிடரியில் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். பின்னால் பதினைந்து பிள்ளைகள் வரிசையாக. அபிஷாவின் அம்மா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இறக்குங்க! பிள்ளைய இறக்குங்க!"

லில்லி டீச்சர் திரும்பிப் பார்த்து, "வந்தாச்சா? நானும் இன்னும் காணல்லையேன்னு பாத்தேன். இன்னைக்கு என்ன மிஸ், லாடம் களண்டு விழுமா?" என்றார். பெற்றோர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன.

"நான் தப்பான எண்ணெயைப் பூசிட்டேன்" என்றேன். தயாரித்த வாக்கியம் எதுவும் வரவில்லை. துப்பட்டாவுக்குள் மறைத்திருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து நீட்டினேன். சிரிப்பு நின்றது.

அபிஷாவின் அம்மாதான் முதலில் அசைந்தார். சுனிதா என்று பெயர். என் கையைப் பார்த்தார். குதிரையிடம் போய்க் குனிந்து கழுத்தை முகர்ந்தார். பவுடர் வாசனைக்கு மூக்கைச் சுளித்து, மறுபடி முகர்ந்தார்.

"ஓட்டெண்ணெய்லா இது!"

அவர் அலறவில்லை. பிள்ளையைத் தூக்கி, அங்கேயே கவுனைக் கழற்றி வீசினார். நான் குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மிஸ், தண்ணிய அங்க வையும்! மொதல்ல வெளிச்செண்ண கொண்டாங்க. தேங்காயெண்ண, தேங்காயெண்ண! அடுக்களையில இருக்கும்லா?"

ஆயா எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தார். சுனிதா பிள்ளையின் கை, கன்னம், தொடை எல்லாம் தேங்காயெண்ணெய் தடவி, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். "கண்ணுல கைய வைக்காத மக்கா, எனக்க தோளுல வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வேகத்திலும் அவருடைய கை தவறான ஓர் இடத்துக்குப் போகவில்லை. அப்போதுதான் அந்த விரல்களைக் கவனித்தேன். நுனிகள் கறுத்து, தோல் வெடித்து, நகத்தைச் சுற்றி வெள்ளையாக உரிந்திருந்தன. அவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், ஓடு உடைக்கிறவர். அந்த முற்றத்தில் அந்த எண்ணெயைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எம்.எஸ்ஸி. படித்தவள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிள்ளையை என் செலவில், என் கெஞ்சலில், ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். சீக்கிரம் கழுவியது நல்லதாயிற்று என்றார். ஸ்டான்லி அண்ணன் தார்ப்பாயோடு வந்து குதிரையைச் சுருட்டி எடுத்துப் போனார். பொன்மணி அக்கா மாலையில் பட்டறைக்கு வந்து அந்தத் தார்ப்பாய் மூட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்க மூணு மாசத்த ஒரு டின்னுல முக்கிட்டியே, ஏட்டி" என்றார். கொஞ்சம் கழித்து, "காது மட்டும் வெளிய தெரியுது பாரு. அதையும் மூடு, எனக்குப் பாக்க முடியல்ல" என்றார். அடுத்த குதிரையை அவர் செதுக்கத் தொடங்கியபோது என்னை ஐந்தடி தள்ளி உட்காரவைத்தார். அதற்கு எந்தப் பூச்சும் பூசவில்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்ததோடு சரி.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை: டின்னில் என்ன எழுதியிருந்தாலும், எதிலிருந்து எடுத்தது, வேறு எதற்குப் பயன்படுகிறது என்று இரண்டு பேரிடமாவது கேளுங்கள். அவர்களில் ஒருவர் அதைக் கையால் தொட்டு வேலை செய்கிறவராக இருக்கட்டும். இயற்கையானது என்ற சொல்லைக் கேட்டுக் கையுறையைக் கழற்றாதீர்கள். இன்னொன்று, ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஊரைக் கூட்டியிருந்தாலும், அடுத்த முறையும் கூட்டுங்கள். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்குப் பயந்து நின்ற ஐந்து நிமிடத்தில்தான் அபிஷா குதிரை ஏறினாள்.

அவளுக்கு இடது கன்னத்தில் ஒன்றும் மணிக்கட்டில் ஒன்றுமாக இரண்டு கொப்புளங்கள் வந்தன. நான் நாலு நாளும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் மருந்து, இரண்டாம் நாள் பழம், மூன்றாம் நாள் எப்படிப் பராமரிப்பது என்று அச்சடித்த தாள். நாலாம் நாள், கொப்புளம் வற்றிவிட்டது. அன்று பட்டறையிலிருந்து நல்ல கையுறைகள் இரண்டு ஜோடி எடுத்துப்போய், விரலெல்லாம் என்ன இப்படி என்று கேட்டுச் சுனிதாவிடம் கொடுத்தேன். கையைப் பாதுகாப்பது பற்றிச் சின்னதாக ஒரு பேச்சும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் ஒரு கையுறையைப் போட்டு, விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

"நல்லா இருக்கு மிஸ். ஆனா இதப் போட்டா பருப்பு விரல்ல நிக்காது. பக்கத்துல இருக்குறவ ரெண்டு பாத்திரம் நெறைக்கும்போ நான் ஒண்ணு நெறைப்பேன்."

கையுறையை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது" என்றார். அபிஷா அவர் மடியில் படுத்திருந்தாள். "பிள்ளைக்கு ரெண்டு பொக்களம். நாலு நாளா நீங்க வாறிய, லில்லி டீச்சர் வாறாவ, ஸ்டான்லி அண்ணன் வந்தாரு. நல்ல காரியந்தான். நான் ஆபீசுல ஏறி பதினோரு வருசம் ஆவுது. இந்தக் கையப் பாத்து என்னன்னு கேட்டது நீங்கதான் மொதல் ஆளு. அதுவும் நாலாம் நாளு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பையிலிருந்து அபிஷாவுக்கு வாங்கிய களிம்பை எடுத்தேன். இதை உங்கள் விரலுக்கும் போடலாம் என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வலது கையை நீட்டினார். ஒவ்வொரு விரலாகத் தடவினேன். என் கைகளில் பழைய தோல் உரிந்து, புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்துவிட்டிருந்தது.

"போதும் மிஸ். காலையில ஏழு மணிக்கு ஆபீசுக்குப் போனா எல்லாம் போயிரும்" என்றார்.

மிச்ச மூன்று விரல்களுக்கும் தடவி முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.